நீலப் பெயிண்டுக்கு அடியில்

"ஐம்பது யூரோவா? இதுக்கா?"

ரூலோஃப் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வாசலில் நின்ற ஆளை மேலும் கீழும் பார்த்தார். உள்ளங்கையில் அடங்கும் ஒரு பொம்மைக் கார் அவர் கையில் இருந்தது. யாரோ அதன்மேல் நீலப் பெயிண்டைக் கண்டபடி அப்பியிருந்தார்கள். ஜன்னல், விளக்கு, சக்கரம் எதையும் விட்டுவைக்கவில்லை.

"ஆமா. அது ஒண்ணு போதும். மத்ததெல்லாம் நீங்களே வெச்சுக்குங்க" என்றான் வந்தவன். ஊரின் மறுகோடியிலிருந்து சைக்கிளில் வந்திருந்தான். பெயர் ஓனோவாம்.

அரசரின் பிறந்தநாளான அரசர் தினத்தன்று அஸ்ஸன் நகரத்துத் தெருவெல்லாம் கம்பளம் விரித்து, வீட்டுப் பழைய சாமான்களை விற்பார்கள். அங்கேதான் ஒரு பெண்ணிடம் செருப்பு டப்பா நிறையக் கார்களை ரூலோஃப் வாங்கி வந்தார். பழைய பொம்மைக் கார்களைப் பிரித்து, புது நிறம் பூசி, ரப்பர் டயர் மாட்டி மினுக்குவது அவருடைய பொழுதுபோக்கு. டப்பாவைப் போட்டோ எடுத்து, தன் பொம்மைக் கார் கிளப்பின் இணையப் பக்கத்தில் போட்டிருந்தார். அதைப் பார்த்துத்தான் இவன் வந்திருக்கிறான்.

"நீங்களும் கார் பண்றவரா?"

"ம்... ஆமா. கொஞ்சம்."

"அடித்தட்டு ரிவெட்டை எத்தனை மில்லி டிரில் பிட் போட்டு எடுப்பீங்க?"

ஓனோ முழித்தான். "அது... கையில இருக்கறதைப் போட்டு எடுப்பேன்."

அண்டப்புளுகு! இந்த ஆள் ஜென்மத்தில் ஒரு காரைப் பிரித்ததில்லை என்று ரூலோஃபுக்குத் தெரிந்துவிட்டது.

"அப்ப எதுக்கு உங்களுக்கு இது?"

ஓனோ காரையே பார்த்தான். "சும்மாதான். பிடிச்சிருக்கு. நூறு யூரோ தரேன்."

ஒரே நிமிஷத்தில் இரண்டு மடங்கா! ரூலோஃப் காரை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"சனிக்கிழமை வாங்க. யோசிச்சுச் சொல்றேன்."

"சரி. ஆனா அதுவரைக்கும் அதை ஒண்ணும் பண்ணிடாதீங்க. அப்படியே இருக்கட்டும். ப்ளீஸ்."

அவன் போனதும் ரூலோஃப் கதவைத் தாழிட்டார். சமையலறையில் அவர் மனைவி அலெய்டா காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"நூறு யூரோன்னா குடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே? வீடு பூரா கார்தான். உக்கார நாற்காலி இல்ல."

"நீ ஒண்ணு! நூறு குடுக்கறவன் எத்தனை ஆயிரத்துக்கு விப்பானோ! போன வருஷம் நம்ம கிளப் ஹர்ம் என்ன பண்ணான்? ரோஸ் கலர் பொம்மை வேன் ஒண்ணை ரெண்டு யூரோவுக்குத் தள்ளிவிட்டான். வாங்கினவன் ஏலத்துல விட்டு காரே வாங்கிட்டான். நிஜக் கார்!"

"பார்த்தா ஏமாத்தறவர் மாதிரி தெரியலையே. ரெண்டு நாள் தூங்காத மாதிரி இருக்கார்."

"ஏமாத்தறவனுக்கு எப்படித் தூக்கம் வரும்? அப்படியே இருக்கட்டும்னு சொன்னான் பாரு, அங்கதான் மாட்டிக்கிட்டான். இந்த நீலத்துக்கு அடியில ஏதோ அபூர்வ நிறம் இருக்கு. கம்பெனி பத்து இருபது வண்டிக்கு மட்டும் அடிச்ச நிறமா இருக்கும். எவனோ விவரம் கெட்டவன் மேல அப்பித் தொலைச்சிருக்கான்."

"ஒண்ணும் பண்ணாதேன்னு கேட்டுக்கிட்டாரே, ரூலோஃப்."

"கார் என்னுது, பஞ்சு என்னுது, தின்னர் என்னுது. அவன் யாரு சொல்ல?"

கம்பெனிப் பெயிண்ட் சூட்டில் வைத்து இறுக்கியது, தின்னருக்கு அசைந்துகொடுக்காது. மேலே அப்பியது மட்டும்தான் கரையும். ரூலோஃப் மூச்சைப் பிடித்துக்கொண்டு துடைத்தார். நீலம் பஞ்சு பஞ்சாக வந்தது. இரண்டு மணி நேரம் கழித்துக் கார் முழுசாகத் தெரிந்தது.

பச்சை. எந்தச் சந்தையிலும் கூடை கூடையாகக் கிடைக்கும் அதே பச்சை.

அவர் நம்பவில்லை. ரிவெட்டைத் துளைத்து அடித்தட்டைக் கழற்றினார். சீட்டு, அச்சு, உள்ளே பொறித்த எண் என்று எல்லாவற்றையும் பூதக்கண்ணாடியில் பார்த்தார். விசேஷமாக ஒன்றும் இல்லை.

"என்ன, புதையல் கிடைச்சுதா?" என்றாள் அலெய்டா.

ரூலோஃப் அசடு வழிந்தார். பாவம், அந்த மனுஷனை அநியாயமாகச் சந்தேகப்பட்டுவிட்டோமே என்று வருத்தமாக இருந்தது. அதற்கு ஈடாக அந்த வாரம் பூராவும் அந்த ஒரு காரோடுதான் உட்கார்ந்திருந்தார். வளைந்த அச்சை நிமிர்த்தினார். முன்விளக்குக்கு வெள்ளி தீட்டினார். தனக்கென்று பத்திரப்படுத்தியிருந்த ரப்பர் டயரை எடுத்து மாட்டினார். பச்சையை முகம் தெரியும்வரை தேய்த்தார்.

சனிக்கிழமை பத்து மணிக்கு வாசல் மணி அடித்தது. ஓனோ தனியாக வரவில்லை. கூட நின்றவளைப் பார்த்ததும் ரூலோஃபுக்குச் சுருக்கென்றது. டப்பாவை விற்ற அதே பெண்!

அட, கூட்டுக் களவாணிகளா? வித்ததும் இவங்கதான், திரும்ப வாங்க வர்றதும் இவங்கதானா? பழைய சந்தேகம் ஒரு கணம் தலைதூக்கியது. இருந்தாலும், பச்சைக் காரில் என்ன களவு இருக்க முடியும் என்று அடக்கிக்கொண்டார்.

"காசெல்லாம் வேண்டாம், சார். சும்மாவே எடுத்துக்குங்க" என்று பெருமையாகக் காரை நீட்டினார். "நீலத்தை ஒரு துளி விடாம எடுத்துட்டேன். பாருங்க, புதுசு மாதிரி இருக்கு!"

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். ஓனோ காரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கதவு இடுக்கில் நகத்தை விட்டுத் தேடினான்.

"எங்கயாச்சும் கொஞ்சம் மிச்சம் இருக்கா?"

"எது?"

"நீலம். இது உள்ள இருக்கறது தெரியாம இவ டப்பாவை வித்துட்டா. எங்க பொண்ணு ஃபென்னா அடிச்சது" என்றான் ஓனோ. "ஆஸ்பத்திரிக் கட்டில்ல உக்காந்து, ஆறு வயசுல. ஏழாவது பிறந்தநாள் அவளுக்கு வரல."