இரண்டாயிரத்து நானூறு

"கட்டைய நீயேதான் வெச்சியாம்மா?"

ஓசூர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்திருந்த முனிலட்சுமி நிமிர்ந்து பார்த்தாள். பெரிய கட்டுப் போட்ட வலது கை தலையணை மேல் கிடந்தது. அதில் இரண்டு விரல்கள் இல்லை.

"நானேதாங்ணா வெச்சேன்."

கட்டிலருகே உட்கார்ந்து கேட்டவர் நல்லுசாமி, தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பின் சூப்பர்வைசர். அவர் மடியில் விபத்து அறிக்கை இருந்தது. நான்கு மணிக்குள் மேனேஜர் மேஜைக்குப் போயாக வேண்டும். 'காரணம்' என்ற கட்டம் மட்டும்தான் பாக்கி. 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதிக் கையெழுத்தைப் போடுங்கள் என்று மேனேஜர் காலையிலேயே சொல்லிவிட்டார். எழுதினால் முனிலட்சுமிக்கு வேலை போய்விடும். சிங்காரப்பேட்டையில் அவளுடைய இரண்டு பிள்ளைகள் அந்த வேலையை நம்பித்தான் படிக்கின்றன.

அந்த மெஷினில் இரண்டு பட்டன்கள். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். கை உள்ளே மாட்டிவிடக் கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு. ஒரு பட்டனில் மரக்கட்டையைச் செருகிவிட்டால் ஒரு கை மிச்சம். அந்தக் கையால் அடுத்த தகட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கலாம். வேலை பறக்கும்.

"யாராச்சும் வைக்கச் சொன்னாங்களா?"

"யாரும் சொல்லலைங்ணா."

"வைக்காதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! உனக்குன்னு ஒரு புத்தி வேணாமா?"

"புத்தி இருந்ததாலதான் வெச்சேன். ரெண்டு கையாலயும் அமுக்கி ஒரு மாசம் முழுக்கப் பாத்தேன். ஒரு ஷிப்டுக்கு ஆயிரத்தித் தொள்ளாயிரம் தகட்டுக்கு மேல ஆவல. பலகையில ரெண்டாயிரத்தி நானூறுன்னு எழுதி மாட்டியிருக்குது. எட்டாதவங்கள மறு மாசம் கேட்லயே திருப்பி அனுப்பிடறாங்க. சம்பங்கி போனா. கௌசர் போனா. மிச்சம் இருக்கறவங்க டிபன் பையில போயி பாருங்க, ஆளுக்கொரு கட்டை இருக்கும்."

"எல்லாரும் வெச்சாலும், உள்ள போனது உன் கைதானே?"

சொன்ன பிறகுதான் அது அப்படியே மேனேஜர் பேசுகிற பேச்சு என்று நல்லுசாமிக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது.

"என் கைதான். என் தப்புன்னே எழுதிக்கோங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கறேன். அந்த ரெண்டாயிரத்தி நானூற எங்கேருந்து புடிச்சாங்க?"

"சும்மா புடிக்கலம்மா. எட்டு வருஷம் முன்னாடி, தொண்ணூத்தெட்டுல, ஒரு ஆபரேட்டர் ஒரே ஷிப்ட்ல எடுத்தது. ஒருத்தனால முடிஞ்சா எல்லாராலயும் முடியும்னு அதையே டார்கெட்டா வெச்சுட்டாங்க."

"ரெண்டு கையாலயும் அமுக்கியா எடுத்தாரு?"

நல்லுசாமி, கம்பெனி ஆண்டு விழாவில் கொடுத்த கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்றரை.

"அந்த மவராசன எனக்கு ஒரு தரம் காட்டுங்கண்ணா. சண்டை போட இல்ல. எப்பிடி எடுத்தாருன்னு கேட்டுக்கறேன். மத்த பொண்ணுங்களாச்சும் கட்டையில்லாம எடுக்கக் கத்துக்கட்டும்."

அவள் கேலிக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படிக் கைதேர்ந்த ஒருவன் இருந்ததாக நம்பினாள். நல்லுசாமியால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

பக்கத்துக் கட்டில்காரரின் டிரான்சிஸ்டரில் கன்னடச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. நல்லுசாமி கடிகாரத்தைக் கழற்றி, பின்பக்கம் மேலே தெரியும்படி அவளுடைய இடது உள்ளங்கையில் வைத்தார்.

பொறித்திருந்த சின்ன எழுத்துகளை முனிலட்சுமி கண்ணருகே கொண்டுபோய் வாசித்தாள்.

'ஒரே ஷிப்டில் 2400. சாதனை ஆபரேட்டர் நல்லுசாமி. 1998.'

அவள் தலையைத் தூக்கியபோது, அவர் காலியாக இருந்த 'காரணம்' கட்டத்தில் எழுதிக்கொண்டிருந்தார்: 'அன்றைக்கு நானும் கட்டை வைத்துத்தான் எடுத்தேன்.'