ஆடு யோசித்த இடம்

அறையில் இருந்தவர்கள்: அனிமேஷன் பிரிவின் தலைவர் ஜெயசீலன். தயாரிப்பைக் கவனிக்கும் ஷெரின். கையில் காபியோடு இரண்டு அனிமேட்டர்கள். ரோட்டோ பிரிவின் லீட் தணிகைவேல், சுவரோரம் நின்றபடி. திரையில் ஒரு ஆடு. திரைக்கு முன்னால், நாற்காலியின் நுனியில், அவள்.

ஆடு ஓர் ஆட்டோவின் கூரைமேல் நின்றது. குதித்தது. ஓடியது.

ஆட்டின் உடலை வேறு யாரோ செய்திருந்தார்கள். அதை அசைத்தது அவள்.

அவள் ரோட்டோ. படத்தில் இருக்கும் ஆளை, மரத்தை, பறக்கிற தலைமுடியை ஓரம் பிடித்து வெட்டியெடுக்கும் வேலை. ஃபிரேம் ஃபிரேமாக. கல்லூரியைப் பாதியில் விட்டவர்களுக்கும் அந்தப் பக்கமே போகாதவர்களுக்கும் கம்பெனி ஒரு இலவசப் பயிற்சி நடத்துகிறது. ஸ்கீம் என்பார்கள். ஸ்கீமில் வந்தால் ரோட்டோ. அங்கேயே இருப்பார்கள். அனிமேஷனுக்கு யாரும் போனதில்லை.

இன்று அவளுக்கு ஒரு ஷாட். தேறினால் மேலே. தேறாவிட்டால் இனி ஸ்கீம் ஆட்கள் யாரும் கேட்க வேண்டாம் என்று ஜெயசீலன் முதலிலேயே சொல்லிவிட்டார்.

நல்லவர்தான். ஒளிக்காமல் சொன்னார்.

"ஆடு நல்லாருக்கு," என்றார். "ஆனா டைரக்டர் சைடுல ஒண்ணு கேக்குறாங்க. அது பயந்து குதிக்கக் கூடாதாம். யோசிச்சுக் குதிக்கணுமாம். ஃபைலைத் திறம்மா."

திறந்தாள்.

ஓர் அனிமேட்டருக்குக் காபி புரை ஏறியது.

அனிமேஷனில் முக்கியமான நிலைகளை மட்டும் குறிப்பார்கள். நிற்பது, குனிவது, தாவுவது. அந்தக் குறிக்குப் பெயர் கீ. நடுவில் உள்ளதை மெஷின் நிரப்பும். அவள் எல்லா ஃபிரேமிலும் கீ வைத்திருந்தாள். ஒன்று விடாமல். திரையின் அடியில் சிவப்புக் கோடுகள், சீப்புப் பல் போல.

ரோட்டோ பழக்கம். அங்கே மெஷினை நம்பினால் ஓரம் நழுவும். காது அறுபடும்.

"ஆட்ட ரோட்டோக்காரங்க கிட்ட குடுத்தா இப்படித்தான்டா. மயிரு மயிரா எண்ணி வெச்சிருக்கு," என்றான் மற்ற அனிமேட்டர்.

சிரித்தார்கள்.

இப்படிச் செய்ததைத் திருத்த முடியாது. ஓர் அசைவை மாற்றினால் அடுத்தது உதைக்கும். அவளுக்கும் அது இப்போதுதான் தெரிந்தது.

ஷெரின் மணி பார்த்தாள். "மத்தியானம் அனுப்பணும் சார். வேற யாருக்காவது குடுத்துடலாமா?"

தணிகைவேல் குனிந்து தணிந்த குரலில் சொன்னார். "வாம்மா. நம்ம வேலைய நம்ம பாப்போம். ட்ரை பண்ணிட்டல்ல, போதும்."

தணிகைவேலுக்கும் டிகிரி கிடையாது. ஸ்கீம் என்று ஒன்று வருவதற்கு முன்பே வந்தவர். அனிமேஷனுக்கு ஒருமுறை கேட்டார். பிறகு கேட்கவில்லை.

அவள் எழுந்திருக்கவில்லை.

எல்லாக் கீயையும் தேர்ந்தெடுத்தாள். அழித்தாள்.

ஆடு நான்கு காலும் விறைத்து ஆட்டோமேல் பொம்மையாக நின்றது.

"அய்யோ. பழைய ஃபைலோட காப்பி வெச்சிருக்கியா?" என்றாள் ஷெரின்.

இல்லை.

"அரை மணி நேரம் குடுங்க சார்."

அவள் அன்று அந்த அறையில் தானாகப் பேசியது அவ்வளவுதான்.

முதல் கீ. ஆடு நிற்கிறது.

அடுத்தது. கீழே பார்க்கிறது.

நடுவில் காலி.

விரல் அரித்தது. ஒவ்வொரு ஃபிரேமாகப் பிடித்துச் சரிசெய்யச் சொல்லி அரித்தது. இடது கையைத் தொடைக்கு அடியில் கொடுத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

ஒரு காது திரும்புகிறது.

மறுபடி காலி. முன்னைவிட நீளமாக.

பின்னங்கால்களில் பாரம் இறங்குகிறது. தாவல்.

ஓட்டினாள்.

ஆடு ஆட்டோமேல் நின்றது. தரையைப் பார்த்தது. ஒன்றும் செய்யவில்லை.

இன்னும் ஒன்றும் செய்யவில்லை.

புரை ஏறியவன் கையிலிருந்த காபியைக் குடிக்க மறந்தான்.

காது திரும்பியது. ஆடு முடிவெடுத்தது. குதித்தது.

ஜெயசீலன் மறுபடி ஓட்டச் சொன்னார். மறுபடி. மூன்றாவது தடவை சிரித்துவிட்டார்.

"திமிர் புடிச்ச ஆடு," என்றார். "ஃபைனல்."

ஃபைனல் என்றால் ஃபைனல். அதற்கு மேல் யாரும் கை வைக்க முடியாது.

சற்று முன் கேலி செய்தவன் மேசையைப் படபடவென்று தட்டினான். "என் பக்கத்து சீட்டு காலிங்க. ஏசி நேரா மூஞ்சில அடிக்கும், இப்பவே சொல்லிட்டேன்."

ஷெரின் பேனாவை எடுத்தாள். "படத்துல பேர் வரும். இனிஷியல் முன்னாடியா, பின்னாடியா?"

ரோட்டோவில் யாரும் இதைக் கேட்டதில்லை.

"முன்னாடி."

எழுந்தாள். இடது கை மரத்துப் போயிருந்தது. உதறினாள். நாற்காலி மெல்லச் சுழன்று நின்றது.

ஜெயசீலன் அடுத்த ஷாட்டைத் திரையில் போட்டார். அதில் ஒரு எருமை, அசையாமல்.

"தணிகை, இது இன்னும் யாருக்கும் குடுக்கல. உங்காளுங்கள்ல அடுத்து யாரு? கூட்டிட்டு வாங்க."

தணிகைவேல் கதவு வரை போனார். திறந்தார். வராந்தாவின் வெளிச்சம் உள்ளே விழுந்தது. ரோட்டோவுக்கு இறங்கும் படிகள் தெரிந்தன.

இறங்கவில்லை.

திரும்பினார். காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்தார். பார்வையை எடுக்காமலே கையைப் பின்னால் கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்.

பூட்டினார். வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.