சம்பவம் ஏதுமில்லை

அந்த வரியைத் தமயந்தி மூன்றாவது முறையாகப் படித்தாள்.

‘மனுதாரரின் பங்களிப்பால் துறையில் என்ன நிகழ்ந்தது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை.’

குடியேற்ற அலுவலகத்தின் கடிதம். பதில் அனுப்ப எண்பத்தேழு நாள் அவகாசம்.

அசாதாரணத் திறமை உள்ளவர்களுக்கான கிரீன் கார்டு மனு அது. அவள் எண்ணெய்க் கிணறு தோண்டும் பொறியாளர். பதினாறு வருட வேலை. அவளே வகுத்த ஒரு கணக்குமுறை, அதைப் பற்றி மூன்று ஆய்வுக் கட்டுரைகள். விருது என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

வேலை விசா ஆகஸ்டில் முடிகிறது. மனு தள்ளுபடியானால் ஹூஸ்டனைக் காலி செய்ய வேண்டியதுதான்.

“உன் கணக்குமுறையால் என்ன நடந்தது?” என்று வக்கீல் ரெபெக்கா கேட்டாள்.

“ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் விஷயம்.”

ரெபெக்கா பேனாவைக் கீழே வைத்தாள். “சொல்.”

சொன்னாள்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால். வங்கக் கடலில் எண்ணெய்க்குத் துளையிடும் மேடை, ஒரு தனியார் ரிக். மேலே எண்பத்து மூன்று பேர்.

கிணற்றுக்குள் அனுப்பும் சேறு, அனுப்பிய அளவுக்குத்தான் திரும்பி வர வேண்டும். அன்று கூடுதலாக வந்தது. மிகக் கொஞ்சம். கருவிகள் எல்லாம் சரி என்றன. அவள் நோட்டில் போட்ட கணக்கு மட்டும் கீழே வாயு நுழைகிறது என்றது.

நிறுத்தச் சொன்னாள்.

மேலாளர் ஸ்ரீவத்சன் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “நோட்டுக் கணக்க நம்பி ரிக்க நிறுத்தச் சொல்றியா? ஓட்டுங்கோ, சூசை.”

துளைக்கும் இயந்திரத்தில் இருந்தவர் சூசைராஜ். மேலாளரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

கிணற்றை மூடினார்.

நான்காவது நிமிடம் அழுத்தமானியின் முள் கடைசிக் கோடு வரை போய் நடுங்கியது. வாயு கீழேயே அடைபட்டது. தீ இல்லை. சத்தம்கூட இல்லை. மணி ஒன்றானதும் ஆட்கள் சாப்பிடப் போனார்கள்.

மாலை அறிக்கையில் ஸ்ரீவத்சன் எழுதினார்: ‘சம்பவம் ஏதுமில்லை.’

அடுத்த மாதம் அவளைச் சென்னை அலுவலகத்துக்கு மாற்றினார்கள். அங்கே உட்கார்ந்துதான் அந்தக் கணக்கை ஒரு கணக்குமுறையாக எழுதி முடித்தாள்.

ரெபெக்கா பேனாவை மறுபடி எடுத்தாள்.

“அன்று அங்கே இருந்த ஒருவராவது எழுதித் தருவாரா?”

சூசைராஜ் தூத்துக்குடியில் இருந்தார். எண்ணைத் தேடிப் பிடிக்கவே இரண்டு நாள் ஆனது.

“லெட்டர் எழுதற அளவுக்கு எனக்கு இங்கிலீசு வராது மேடம்,” என்றார். “அன்னைக்கு ரிக்குல இருந்தவங்கள்லாம் தமிழ்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா ஆவுமா?”

ஆகும் என்றாள். ஐந்தாறு பேர் தேறினால் போதும் என்று நினைத்தாள்.

ஐந்து வாரத்தில் கூரியர் வந்தது.

முழு நீளத் தாள்கள். வரிசையாகப் பெயர்கள். கிரேன் ஓட்டியவர். வெல்டர். சமையல்காரர். கத்தாருக்குப் போய்விட்ட இருவரின் கையெழுத்து, அச்செடுத்து ஒட்டப்பட்டிருந்தது. எண்ணினாள். எழுபத்தொன்று.

ஒரு பெயருக்கு நேரே ஒரு பெண்ணின் கையெழுத்து. பக்கத்தில் பென்சிலில் எழுதியிருந்தாள்.

‘அவுக போன வருசம் தவறிட்டாக. அந்தக் கிணத்துக்கு அப்புறம் எட்டு வருசம் எங்க கூட இருந்தாக.’

அவள் தாளைக் கீழே வைத்தாள். முகம் கழுவிவிட்டு வந்து மறுபடி எடுத்தாள்.

கடைசித் தாள் மட்டும் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. ஆங்கிலத்தில் நான்கே வரி.

‘அன்று வேலையைத் தொடரச் சொன்னவன் நான். தமயந்தி மறுத்தார். சம்பவம் ஏதுமில்லை என்று எழுதியதும் நான்தான். சம்பவம் இல்லாமல் போனதற்குக் காரணம் அவர்.’

கீழே ஸ்ரீவத்சனின் கையெழுத்து, ஒரு தொலைபேசி எண்.

சூசைராஜை அழைத்தாள்.

“நான் அவர்ட்ட கேக்கவே இல்ல மேடம்,” என்றார் அவர். “யாரோ சொல்லிருக்காங்க. அவரே பஸ் ஏறி வந்து குடுத்துட்டுப் போனாரு.”

மொழிபெயர்ப்பைப் படித்து முடித்த ரெபெக்கா, கட்டுரைகளையும் சம்பளச் சான்றுகளையும் பின்னால் தள்ளினாள்.

“இது முதலில் போகிறது.”

பதில் போன பதினோராம் நாள் காலை. வேலைக்குப் போகும் வழியில் காருக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தாள். கைப்பேசி அதிர்ந்தது.

மனு ஏற்கப்பட்டது.

சிரித்தாள். சத்தமாக, நிறுத்த முடியாமல். பக்கத்து பம்ப்பில் நின்ற தொப்பிக்காரர் திரும்பிப் பார்த்தார். முன்பின் தெரியாத அவரிடம் போய், “எனக்குக் கிடைத்துவிட்டது,” என்றாள். எது என்று கேட்காமலே அவர் கை குலுக்கினார்.

சூசைராஜை அழைத்துச் சொன்னாள். போனை விலக்கி, தெருவில் யார் யாரையோ அவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது.

பிறகு காருக்குள் உட்கார்ந்து அந்தக் கடைசித் தாளில் இருந்த எண்ணை அழுத்தினாள்.

ஒரு பெண்மணி எடுத்தார். ஸ்ரீவத்சனின் மனைவி.

“அவர் ஆத்துல இல்லையேம்மா. பேத்தியை நீச்சலுக்குக் கூட்டிண்டு போயிருக்கார். வந்தா என்ன சொல்லட்டும்?”

அந்தக் கிணற்றை மூடி ஒன்பது வருடம் என்று மனதுக்குள் எண்ணினாள்.

“பேத்திக்கு என்ன வயசு மாமி?”

“ஆடி வந்தா அஞ்சு முடியறது.”