அர்ஜென்ட் நூறு

"நூறு ரூபாயெல்லாம் தர முடியாது பாய். ரெண்டு நாள் லேட்டுக்கு நூறா?"

கச்சிராயபாளையம் ரோட்டில் இருக்கும் மஜீத் பாயின் ஜெராக்ஸ், பில் கட்டும் கடையில், லோடு வண்டி ஓட்டும் வீரமணி கத்திக்கொண்டிருந்தார். கையில் கிரெடிட் கார்டு. அதன் பின்பக்கம் 'கடைசி தேதி 16' என்று எழுதி ஒட்டிய சின்னச் சீட்டு. அன்று பதினெட்டு.

"தேதி தாண்டிடுச்சு இல்ல? பில்லுப் பணத்தோட அர்ஜென்ட் ஃபீஸ் நூறு வை. அப்பதான் கட்டுவேன்" என்றார் மஜீத், ஜெராக்ஸ் எடுத்தபடியே.

"குடுக்காதீங்கண்ணே! பாய் ஊரையே ஏமாத்துறாரு."

வாசலில் பாரதி நின்றிருந்தாள். அரிசி மில்லில் வேலை பார்க்கும் சாலம்மாளின் மகள். சேலத்தில் நர்சிங் படிப்பவள், லீவுக்கு வந்திருந்தாள். கையில் அம்மாவின் போன்.

"இன்னா பாப்பா, வந்ததும் வராததுமா?" என்றார் மஜீத்.

"எனக்கு லேப்டாப் வாங்கத்தான் அம்மா கார்டு தேச்சாங்க. மாசாமாசம் ரெண்டாயிரம் உங்ககிட்டதான் கொண்டாந்து கட்டுறாங்க. இன்னிக்குக் காலையில போன்ல பாங்கு ஆப் போட்டுப் பாத்தேன். கடைசி தேதி இருபத்திரெண்டு. நீங்க பதினேழுன்னு எழுதி ஒட்டியிருக்கீங்க."

வீரமணி துள்ளினார். "அப்போ என்னுதும் பொய்த் தேதியா?"

"ஆமா. உனக்கு நெஜ தேதி இருபத்தொண்ணு" என்றார் மஜீத், கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாமல்.

"இன்னும் கேளுங்கண்ணே. அர்ஜென்ட் ஃபீஸ்னு ஒண்ணே கெடையாதாம். பாங்குக்குப் போன் போட்டுக் கேட்டுட்டேன். அம்மாகிட்ட நூறு நூறா அஞ்சு தடவ வாங்கியிருக்காரு."

"அதான் மேல புது ஃபேனு சுத்திக்கினு இருக்குதா?" என்றார் வீரமணி.

"ஃபேனு என் மச்சான் வாங்கிக் குடுத்தது" என்றார் மஜீத். மெஷினை நிறுத்திவிட்டுப் பாரதியைப் பார்த்தார். "உங்கம்மா மொதல் மாசம் எப்ப வந்தாங்க தெரியுமா? இருபத்திரெண்டாம் தேதி சாயந்திரம். கரண்டு பில்லக் கடைசி நாள்ல போய்க் கட்டுறோம் இல்ல, அதே மாதிரி. இங்க கட்டினா பாங்குல ஏற மூணு நாள்கூட ஆவும். நடுவுல ஞாயித்துக்கிழம வேற. லேட்டுன்னு ஐநூத்தித் தொண்ணூறு போட்டுட்டான். தோ, அந்த ஸ்டூல்ல உக்காந்துதான் அழுதாங்க."

"முன்னாடியே வரச் சொல்றதுதானே?"

"சொன்னேன். தலைய ஆட்டினாங்க. அடுத்த மாசமும் அதே இருபத்திரெண்டு! அதான் அஞ்சு நாள் முன்னாடி எழுதி ஒட்டினேன். மூணு நாள் பாங்குக்கு. ரெண்டு நாள் உங்க சோம்பேறித்தனத்துக்கு."

"தேதி சரி பாய். நூறு இன்னாத்துக்கு?" வீரமணி விடவில்லை.

மஜீத் பாரதியிடமே சொன்னார். "ஆப்புல இன்னும் கீழ போய்ப் பாரு. மாசாமாசம் எவ்ளோ ஏறியிருக்குன்னு."

பாரதி விரலால் தள்ளினாள். ஓர் இடத்தில் நின்றாள். மேலே போனாள், மறுபடியும் கீழே வந்தாள்.

அப்போது சாலம்மாள் மூச்சு வாங்க ஓடிவந்தார். தலையெல்லாம் தவிட்டுத் தூசி.

"பாய், ஒரே ஒரு நாள்தான் லேட்டு. நேத்து மில்லுல லோடு ஏத்த நிறுத்திக்கினாங்க..."

"ரெண்டாயிரம். அதோட அர்ஜென்ட் நூறு."

சாலம்மாள் மகளைப் பார்த்ததும் தெம்பானார். "நீயே கேளு பாரதி. படிச்ச புள்ள கேட்டா கொறைப்பாரு."

"கேளு பாப்பா, வுடாதே!" என்றார் வீரமணி.

பாரதி போனை மூடினாள்.

"குடுத்துடும்மா. லேட்டா வந்தா கட்டித்தான் ஆவணும்."

சாலம்மாள் தலையில் அடித்துக்கொண்டார். "உன்னப் படிக்க அனுப்பினேன் பாரு, என்னைச் சொல்லணும்!" முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பணத்தை எண்ணி வைத்தார். "பாய், அடுத்த மாசம் பதினாறாம் தேதியே வந்து நிக்கிறேன். அப்ப எப்டி நூறு வாங்குறீங்கன்னு பாக்குறேன்!"

"பாக்கலாம், பாக்கலாம்" என்றார் மஜீத்.

சாலம்மாள் சவால் விட்ட வேகத்திலேயே மில்லுக்குத் திரும்பினார். மஜீத் கம்ப்யூட்டரில் தட்டினார். பாரதியின் கையில் இருந்த போன் 'டிங்' என்றது.

"இன்னா பாப்பா, பொசுக்குன்னு கட்சி மாறிட்ட?" வீரமணிக்கு ஏமாற்றம்.

பாரதி போனை அவர் பக்கம் திருப்பினாள். 'ரூ. 2,100 பெறப்பட்டது. மூன்று நாளில் கணக்கில் ஏறும்' என்று இருந்தது. ஆப்பில் ஏற்கெனவே ஐந்து மாதங்களில் அதே 2,100.

"அம்மா குடுத்த ஒரு நூறுகூட பாய்கிட்ட இல்லண்ணே. அத்தனையும் சேத்துக் கார்டுலயே கட்டியிருக்காரு. கடைசித் தவணையில அறுநூறு ரூபா கம்மியாக் கட்டினாப் போதும்."

"உங்கம்மாகிட்ட சொல்லிடாத தாயி" என்றார் மஜீத். "சொன்னா மறுபடியும் இருபத்திரெண்டாம் தேதிதான்."

வீரமணி தன் கார்டில் ஒட்டியிருந்த சீட்டைத் தடவிப் பார்த்தார். பிறகு, அவ்வளவு நேரம் தர மாட்டேன் என்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நூறு ரூபாயை எடுத்து, சத்தமில்லாமல் மேசைமேல் வைத்தார்.