மேல்மாடியில் கோளாறு

“உள்ளே இருக்கறது ஒரே மெஷினா, இல்ல மாட்யூலா? முதல்ல அதை மட்டும் சொல்லுங்க” என்றார் அந்த அம்மா. கைக்குட்டையில் சுற்றியிருந்த வாட்சைக் காய்ச்சல்காரக் குழந்தையைக் கிடத்துவதுபோல மேஜையில் வைத்தார்.

ரிப்பேர்காரர் கண்ணில் மாட்டியிருந்த லென்ஸை நெற்றிக்கு ஏற்றினார். வாட்ச் பைத்தியங்கள் கேட்கிற கேள்வி இது. வீட்டுக்காரர் வாட்சைக் கொண்டு வருகிற மனைவிமார் இதுவரை கேட்டதில்லை.

“மாட்யூலா இருந்தா பெரிய தலைவலின்னு நெட்ல போட்டிருந்தது. அதான் கேட்டேன்.”

ரிப்பேர்காரர் வாட்சைப் பக்கவாட்டில் திருப்பினார். சாவி கொடுக்கும் திருகு, ஸ்டாப்வாட்ச் பொத்தான்களோடு ஒரே மட்டத்தில் இல்லாமல், ஒரு அடுக்கு கீழே இருந்தது. பின்மூடியைக் கழற்ற வேண்டிய அவசியமே இல்லை.

“மாட்யூல்தாம்மா. கீழே இருக்கறது சாதாரண வாட்ச். ஸ்டாப்வாட்சைத் தனியா செஞ்சு அது மேல உட்கார வச்சிருக்காங்க. கீழ்வீட்டை ஒருத்தர் கட்டி, மாடியை இன்னொருத்தர் எழுப்பின மாதிரி. இவ்வளவு விலை குடுத்து இதை வாங்கணுமான்னு கேட்டா, என் மச்சானுக்குக் கோபம் வரும்.”

முன்பக்கம் புது வாட்ச் விற்கிற மைத்துனருக்குக் கோபம் வந்தது. “ஏன் மாமா, வர்றவங்களை பயமுறுத்தறீங்க? ஒரே மெஷினா வாங்கினா விலை டபுள். அதுவும் மணி காட்டுது, இதுவும் மணி காட்டுது. மாடிவீட்டுல யாரும் குடியிருக்கலையா?”

“குடியிருக்கலாம்டா. ஒழுகினா யாரைக் கூப்பிடறது?” என்றவர், அந்த அம்மாவிடம் திரும்பினார். “என்ன கோளாறு?”

“மணி ஓடுது. ஸ்டாப்வாட்ச் நின்னு போச்சு.”

“அப்ப மாடியிலதான். ஒரே மெஷினா இருந்தா நானே பிரிச்சு சரி பண்ணிடுவேன். மாட்யூலுக்குக் கம்பெனிக்காரன் உதிரி பாகம் தர்றதில்லை. வாட்சையே வெளிநாட்டுக்கு அனுப்பணும். போய் வர ஆறு மாசம் ஆகும்.”

“ஆறு மாசமா?” அந்த அம்மா நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டார். மைத்துனர் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டு வந்தார்.

ரிப்பேர்காரர் மேல் பொத்தானைத் தடவிப் பார்த்தார். விரல் பட்டுப் பட்டு, ஓரமெல்லாம் மழுங்கியிருந்தது. “இப்படித் தேஞ்சிருக்கே. சார் ஓட்டப்பந்தயக் கோச்சா?”

“ஆபீஸ்ல இருந்தார். ரிட்டையர் ஆனப்ப நான்தான் ஆசையா வாங்கிக் குடுத்தேன். இப்ப முழு நேரமும் வீட்டுலதான். தூங்கறப்பகூடக் கழட்ட மாட்டார்.”

கைப்பைக்குள் போன் அடித்தது. எடுத்ததுமே ஒரு ஆண்குரல் கடை முழுக்கக் கேட்டது. “என்ன சொல்றான்? இன்னிக்கே கிடைச்சிடுமா? அது இல்லாம எனக்குக் கை ஒடிஞ்ச மாதிரி இருக்கு.”

“கேட்டுட்டுதாங்க இருக்கேன்” என்று போனை வைத்தவர், கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ரிப்பேர்காரருக்கு மனசு கேட்கவில்லை. மைத்துனரைப் பார்த்தார். அவரும் தலையாட்டினார். கடைசி இழுப்பறைக்குள் கையை விட்டுத் துழாவி, ஒரு சின்ன டப்பாவை எடுத்துத் திறந்தார். லாரி ஏறி நொறுங்கினாலும் மாடி மட்டும் தப்பின ஒரு வாட்சிலிருந்து, பத்திரமாகக் கழற்றி வைத்த இதே மாட்யூல்.

“இதை யாருக்கும் தர்றதில்லைன்னு வச்சிருந்தேன். உங்களுக்காகப் போட்டுடறேம்மா. கொஞ்சம் உட்காருங்க, கையோட வாங்கிட்டுப் போயிடலாம்.”

அந்த அம்மா சட்டென்று எழுந்தார். டப்பாவைத் தன் கையாலேயே மூடினார். வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“இதை உள்ளேயே வச்சிடுங்க தம்பி. நான் காய் நறுக்கறது, குளிச்சிட்டு வர்றது, எங்க அக்காகிட்ட போன் பேசறது, எல்லாத்துக்கும் பொத்தானை அமுக்கிட்டு உட்கார்ந்திருக்கார்.”

ரிப்பேர்காரர் டப்பாவைப் பழையபடி கடைசி இழுப்பறைக்குள் தள்ளினார். மைத்துனர் ரசீதுப் புத்தகத்தை எடுத்தார்.

“அப்ப, கம்பெனிக்கே அனுப்பிடலாமாம்மா?”

“கப்பல்ல அனுப்புங்க.”