எச்சில் இலை

கல்கத்தா பவானிப்பூரில் பிராமணாள் மெஸ். சாப்பிட்டு எழுந்த புது ஆள், பழக்கதோஷத்தில் தன் எச்சில் இலையைத் தானே எடுத்துவிட்டான்.

மெஸ்காரர் பாய்ந்தார். "பிராமணாள் இலை எடுக்கறதில்லை. மத்த ஜாதிக்காராதான் தன் இலையைத் தானே எடுக்கணும். நீ யாருடா?"

எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த சாம்பசிவனுக்குக் கண் இருண்டது. வெள்ளைக்காரக் கம்பெனி குமாஸ்தா அவன். புது ஆள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் தாவிப்போய் அந்த வாயிலேயே குத்தினான். அவன் மார்பில் கிடந்த பூணூலை அறுத்தெறிந்தான். விழுந்தவனை வெறி பிடித்தாற்போல மிதித்து, தரதரவென்று இழுத்துப்போய்த் தெருச் சாக்கடையில் தள்ளினான்.

"சபாஷ் சாம்பு!" என்று உள்ளேயிருந்து குரல்கள் எழுந்தன.

சாக்கடையில் கிடந்தவன் ரத்தத்தைத் துப்பிவிட்டு, சாம்பசிவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்:

"நீயாச்சும் மறந்துபோய் இலைய எடுத்துடாதண்ணே."