பக்கத்தில் நின்று பேசுவது போல்

தேயிலை விலை விழுந்ததிலிருந்து அந்தக் குன்னூர் எஸ்டேட்டில் லீவு கேட்டவர்களுக்கெல்லாம் நிரந்தர லீவுதான். கோவையில் வேறு வேலைக்கு இன்டர்வியூ இருந்த கிளார்க் பூபதி, சர்டிபிகேட் ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எஸ்டேட்டிலேயே சிக்னல் கிடைக்கும் ஒரே மரத்தடிக்குப் புதுச் செல்போனுடன் ஓடினான். மூடுபனியில் எதிரே எதுவும் தெரியவில்லை.

"மேனேஜர் சாருங்களா? பூபதி பேசறனுங்க. காய்ச்சலுங்க சார், ஊட்ல படுத்திருக்கேன். எந்திரிக்கவே முடியல."

"நானே வியாபாரியப் பாக்கக் கோயமுத்தூர் வந்திருக்கேன். சரி, படுத்துக்க."

ஆள் பக்கத்தில் நின்று பேசுவது போல் அத்தனை தெளிவு! நல்ல செல்லாகத்தான் பார்த்து வாங்கியிருக்கிறோம் என்று பூபதி பூரித்துப்போனான்.

பனி விலகியது. மரத்தின் மறுபக்கம், காதில் செல்லும் கக்கத்தில் சர்டிபிகேட் ஃபைலுமாக மேனேஜர் மயில்சாமி நின்றிருந்தார்.

இருவரும் போனை வைக்கவில்லை.

"போர்வைய நல்லா இழுத்துப் போத்திக்கப்பா" என்றார் அவர்.

"சரிங்க சார். நீங்களும் கோயமுத்தூர் வெயில்ல பாத்துப் போங்க."